ஐந்து நாள் ஒரே படகில்

குன்னூர்
14.10.2001

அன்பு மகன் பிரசாத்துக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ கரையில் இருந்தாலும் கடலில் இருந்தாலும் மருதமலை முருகன் கூடவே இருந்து காப்பாற்றட்டும். நலம் விசாரித்தாயிற்று, இனிமேல் திட்டப்போகிறேன். போனிலேயே திட்டலாம் என்றால் இருபதாம் தேதி வரை நீ கடலில் என்று உன் ஆபீசில் சொல்கிறார்கள். அதனால் கரைக்கு வந்ததும் ஓரிடத்தில் உட்கார்ந்து முழுவதையும் படி.

உன் கடிதமும் போட்டோக்களும் வியாழக்கிழமை வந்தன. அம்மா அதை எடுத்துக்கொண்டு ஃபேக்டரிக்கே ஓடி வந்துவிட்டாள். வெள்ளைப் பாய் விரித்த படகு, பச்சைத் தண்ணீர், ஆளே இல்லாத தீவுகள், நீ சமையல்காரத் தொப்பியோடு மீன் வறுத்துக்கொண்டு நிற்பது எல்லாம் பார்த்தோம். டீ சலிக்கிற தெய்வம்மாகூட மெஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்து, தம்பி நல்லாக் கறுத்துப்போச்சுங்க என்றாள். அந்த மலேசியா லங்காவியில் ஐந்து நாளைக்குப் படகை வாடகைக்கு எடுத்து, காற்று அடித்தால் போவதும் அடிக்காவிட்டால் நங்கூரம் போட்டுத் தூங்குவதும் தீவுக்குத் தீவு இறங்கிக் குளிப்பதுமாக ஜனங்கள் இருக்கிறார்கள் என்று நீ எழுதியதை அம்மா எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினாள். அதுவரைக்கும் சந்தோஷம்தான். மூன்றாம் பக்கம் வந்ததும் எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது.

போலந்திலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார், முதல் நாள் காலையில் நீ கொடுத்த டீயைச் சர்ரென்று உறிஞ்சி வாய்க்குள் சுழற்றிக் கடலில் துப்பினார், மற்ற வேலைக்காரர்கள் சிரித்தார்கள், உனக்கு மட்டும் இவர் டீ ருசி பார்க்கிற தொழில்காரர் என்று தெரிந்துவிட்டது, மறுநாள் அவரே சாப்பாட்டு மேஜையில் தனக்கு டீ வாங்கி விற்கிற கம்பெனி இருப்பதாகச் சொன்னார், நீ ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை என்று ஏதோ தமாஷ் போல எழுதியிருக்கிறாய். இது தமாஷா? ஐந்து நாள் அந்த மனிதர் உன் கண் முன்னால் உட்கார்ந்திருந்தார். இங்கே ஏலத்துக்கு வருகிற வியாபாரியிடம் ஒரு நிமிஷம் பேச எங்கள் முதலாளி மாடிப்படியில் அரை நாள் காத்து நிற்கிறார். உன் ஆள் நடுக்கடலில் எழுந்து எங்கே போயிருப்பார், குதித்து நீந்தியா போயிருப்பார்? ஐயா, என் அப்பா நீலகிரி ஃபேக்டரி ஒன்றில் டீ மேக்கர் என்று ஒரே ஒரு வார்த்தை, அதைச் சொல்ல உன் நாக்குக்கு என்ன கேடு வந்தது?

விருந்தாளிகளிடம் சொந்தக் கதை பேசக் கூடாது என்பது கேப்டன் உத்தரவாம். சரி, வாயைத்தான் திறக்கக் கூடாது, டப்பாவையும் திறக்கக் கூடாது என்று உத்தரவா? ஜனவரிப் பனியில் நான் பக்கத்திலேயே நின்று செய்த டீயை அரைக் கிலோ உன் பெட்டியில் வைத்து அனுப்பினேனே, அதை ஊர் ஞாபகமாகப் பிரிக்காமலே வைத்திருக்கிறாயாம். டீ என்ன, மாலை போட்டுச் சுவரில் மாட்டுகிற படமா? அந்தக் கடல் காற்றில் இந்நேரம் பாதி வாசனை போயிருக்கும். அவருக்கு நீ கொடுத்தது ஏதோ ஒரு டீ பேக். அதை அவர் ஐந்து நாளும் துப்பியிருக்கிறார், டீ மேக்கர் மகன் ஐந்து நாளும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறான்.

நான் ஏன் இப்படிக் குதிக்கிறேன் என்று உனக்குத் தெரியாது, நாங்கள் உனக்கு எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். ரஷ்யாக்காரர்கள் வாங்குவது குறைந்ததிலிருந்து எங்கள் டீயைக் கேட்பாரில்லை, ஜூலை மாதத்து மூட்டைகளே இன்னும் கோடவுனில் கிடக்கின்றன. பச்சை இலையை விற்றால் பறிக்கிற கூலிகூடத் தேறாது என்று கேத்திப் பக்கம் பலபேர் பறிப்பதையே விட்டுவிட்டார்கள், செடி ஆளுயரத்துக்குப் போய்விட்டது, சிலர் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கேரட் விதைத்திருக்கிறார்கள். போன திங்கட்கிழமை முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு, வருகிற மாதம் முப்பதாம் தேதிக்குள் வெளியிலிருந்து ஒரு ஆர்டர் வராவிட்டால் ஃபேக்டரியை மூடிவிடுவதாகச் சொல்லிவிட்டார். முப்பத்திரண்டு பேருக்கு வேலை போகும், நாங்கள் இந்தக் குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். இலை உலர்த்துகிற டிரையரில் இருபது வருஷமாக என்னோடு நிற்கிற ராசு மசினகுடிக்குப் போய் ஏதோ ரிசார்ட்டில் வாட்ச்மேன் வேலை கேட்டுவிட்டு வந்திருக்கிறான். முன்னாடியே சொல்லியிருக்கலாமே அப்பா என்று ஆரம்பிக்காதே. சொல்லாதது என் தப்புதான், அதனால் உன் தப்பு சின்னதாகிவிடாது.

இதுவரைக்கும் எழுதிவிட்டு, அதே வேகத்தில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல், ஏனுங்க, போன வருசம் அந்தக் கல்கத்தாக்காரர் ஃபேக்டரிக்கு வந்தப்ப நீங்க மட்டும் என்னத்தப் பேசுனீங்க, கையக் கட்டிட்டுத்தானுங்களே நின்னீங்க என்று கேட்டுவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் பேனாவை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன். ஒரு மணி நேரம் கழித்து இப்போதுதான் உட்காருகிறேன். அவள் சொன்னது நிஜம். இலையை எத்தனை மணி நேரம் வாட்டுகிறீர்கள் என்று அந்த வியாபாரி என்னைப் பார்த்துத்தான் கேட்டார். முதலாளி முந்திக்கொண்டு ஏழு மணி நேரம் என்று உளறினார். நான் பதினாறு மணி நேரம் வாட்டுகிறேன், இந்த டீயின் வாசனையே அதில்தான் இருக்கிறது. முதலாளி பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று சும்மா இருந்தேன். அந்தக் கல்கத்தாக்காரர் ஜீப்பில் ஏறிப் போனார், பிறகு வரவேயில்லை. உன்னைச் சின்ன வயதில் ஃபேக்டரிக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம், பெரிய மனுசங்க வந்தா தள்ளி நில்லு, கேட்டாத்தான் பேசோணும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவனும் நான்தான். இதை நினைத்தால் உன்மேல் வருகிற கோபத்தைவிட என்மேல்தான் அதிகம் வருகிறது, அதையும் உன்மேல்தான் காட்டத் தோன்றுகிறது.

அதற்காக விடுவதாக இல்லை. அந்தப் போலந்துக்காரரின் விலாசமும் ஃபேக்ஸ் நம்பரும் படகு ஆபீசில் இல்லாமல் இருக்காது. கூச்சப்படாமல் கேட்டு வாங்கி, பஜாரில் எஸ்.டி.டி. கடை வைத்திருக்கும் ஹபீப் முகமது நம்பருக்குப் போன் பண்ணி எழுத்து எழுத்தாகச் சொல், அவர் குறித்துக்கொள்வார், நான் சொல்லி வைத்திருக்கிறேன். முதலாளியிடம் நான் அனுமதி கேட்கப் போவதில்லை. என் பேரில், எனக்குத் தெரிந்த தப்பு இங்கிலீஷில், இந்த டீயை எப்படிச் செய்கிறேன் என்று நானே எழுதி அனுப்பப்போகிறேன், சாம்பிளும் நானே கட்டி அனுப்புவேன். பதில் வராமலே போகட்டும். முப்பத்தொரு வருஷ சர்வீஸில் யாரும் கேட்காமல் நான் வாயைத் திறப்பது இதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை மட்டுமாவது மீனைத் தொடாதே என்று அம்மா எழுதச் சொன்னாள், படகில் சமைக்கிறவனுக்கு இதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, எழுதிவிட்டேன். வெறும் வயிற்றில் வேலைக்கு நிற்காதே. நீ நூறு வருஷம் குறைவில்லாமல் இருக்க எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உண்டு. கரைக்கு வந்த அன்றைக்கே போன் பண்ண மறக்காதே.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் இன்னும் தீராத அப்பா,
மருதாசலம்
டீ மேக்கர் (நவம்பர் முப்பது வரைக்கும் நிச்சயமாக)