இரண்டாவது நபர்

மார்ச் 3, செவ்வாய்

பேசும் பெட்டி வந்துவிட்டது. கூரியர்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டே, "இந்த வாரம் இது மூணாவது மேடம். கடை கிடை வெக்கப் போறீங்களா?" என்றார். அசடு வழியச் சிரித்துவைத்தேன்.

உள்ளங்கை அகலம்தான் இருக்கிறது. வீட்டில் யார் பேசினாலும் குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்து, அவரவருக்கு ஏற்றபடி பதில் சொல்லுமாம். இன்னும் விற்பனைக்கு வராத சரக்கு; சோதித்துப் பார்த்துச் சொல்லச் சொல்லி, வழக்கம்போல் கம்பெனிக்காரர்கள் எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். என் குரலைப் பதிந்தேன். "நன்றி. இப்போது இரண்டாவது நபரைப் பேசச் சொல்லுங்கள்" என்றது. அதைத் தாண்டிப் போக ஏதாவது வழி உண்டா என்று மூலைமுடுக்கெல்லாம் தேடிவிட்டேன். இல்லை. ஆரஞ்சு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது.

இதைச் செய்தவர்கள் யாரும் தனியாக ஒரு வாரம்கூட இருந்ததில்லை போல.

மார்ச் 4, புதன்

மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசிப் பார்த்தேன். "இது முதல் நபரின் குரல்." ஆம்பளைக் குரலில் உறுமிப் பார்த்தேன். "இது முதல் நபரின் குரல். தொண்டை சரியில்லையா?" விழுந்து விழுந்து சிரித்தேன். உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. போனை எடுத்துப் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். கடைசி வரை போய்விட்டு, கீழே வைத்துவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

ரேடியோவை அதன் முன் வைத்தேன். நேரில் பேசும் குரல்தான் வேண்டுமாம். பெரிய இவன்!

கூரியர்காரரைக் கெஞ்சினேன். மூன்று வாக்கியம் பேச வேண்டும். ஒன்று பேசிவிட்டு, "கீழ வண்டி நிக்குது மேடம்" என்று ஓடியே போனார்.

மார்ச் 9, திங்கள்

தம்பி கூப்பிட்டான். "அக்கா, பிஸியா?" — ஹலோவுக்குப் பதில் அவன் சொல்வது இதுதான். மகளின் பள்ளிக்கூடச் செயலி திறக்கவில்லையாம். இங்கிருந்தபடியே அவன் திரைக்குள் நுழைந்து, கண்ணை மூடித் திறப்பதற்குள் சரிசெய்துவிட்டேன். "தெய்வம்க்கா நீ! வெச்சிடறேன்." வைத்தும்விட்டான்.

எதுக்குடி இவ்ளோ அவசரம் உனக்கு? கொஞ்சம் மெதுவாப் பண்ணியிருந்தா என்னவாம்?

சொந்தக்காரர்கள் எல்லோருமே இப்படித்தான். போன் கெட்டால் என் ஞாபகம் வரும். நன்றாக ஓடினால் நான் ஒருத்தி இருப்பதே மறந்துவிடும். மூக்குக் கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று ஊர் மனிதரையெல்லாம் கேட்கிறேன். வீட்டுக்கு வந்தால் என்னை ஒரு வார்த்தை கேட்க ஆளில்லை. கோவமா வருது. அழுகையாவும் வருது. போங்கடா.

மார்ச் 13, வெள்ளி

ஆரஞ்சு விளக்கின் மேல் ஒரு துணியைப் போட்டேன்.

மார்ச் 19, வியாழன்

தம்பி, அவன் மனைவியின் போனிலிருந்து. "அக்கா, பிஸியா? என் போன்ல யார் பேசினாலும் கேக்கவே மாட்டேங்குது." கேட்டதும் புரிந்துவிட்டது. பையில் கிடக்கும் ஹெட்செட்டுக்குச் சத்தம் போய்க்கொண்டிருக்கிறது. ப்ளூடூத்தை அணைத்தால் தீர்ந்தது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"பெரிய சிக்கல்டா. நேர்ல பாத்தாதான் தெரியும்" என்றேன்.

அப்படியா என்று இழுத்தான். "ஞாயித்துக்கிழமை கொண்டு வரவா?"

"வா."

பச்சைப் பொய். அதுவரை போன் இல்லாமல் திண்டாடுவானே, பாவம். கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா? — மாட்டேன். அவன் இங்கே வந்து ஒரு வருஷம் ஆகிறது. வரட்டும்.

மார்ச் 21, சனி

காலி அட்டைப்பெட்டிகளை அள்ளிப் பரணில் போட்டேன். அடியில் இரண்டாவது நாற்காலி இருந்தது.

மார்ச் 22, ஞாயிறு

வந்தான். முன்னந்தலையில் முடி கொட்டியிருக்கிறது. சொன்னால் வருத்தப்படுவான் என்று சொல்லவில்லை. டீ கொடுத்துவிட்டு, முதலில் பெட்டியின் முன் உட்காரவைத்தேன்.

"என்னக்கா பேசணும்?"

"எது வேணா. மூணு வாக்கியம்."

தொண்டையைச் செருமிக்கொண்டான். "நான் இவளோட தம்பி. சின்ன வயசுல வீட்டு ரேடியோவைப் பிரிச்சுப் போட்டது இவதான். அடி வாங்கினது நான்."

விளக்கு பச்சையாகிவிட்டது! "வருக, இரண்டாவது நபரே" என்றது. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பிறகு அவன் போனைக் கையிலெடுத்து, டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு திறந்தேன். ப்ளூடூத் ஏற்கெனவே அணைந்திருந்தது. அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. எடுத்து ஹலோ என்றேன். "அண்ணி, வந்து சேந்துட்டாரா?" அவன் மனைவியின் குரல், பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கணீரென்று கேட்டது.

"வந்துட்டான்மா" என்று சொல்லி வைத்தேன்.

நிமிர்ந்தால், அவன் டீயை ஊதிக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறான். திருட்டு முழி. வரும் முன்பே போனைச் சரிசெய்திருக்கிறான். பிறகு எதற்கு வந்தான்? என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறான். என்னைப் பார்க்க.

"ரொம்ப மோசமா இருக்குடா" என்றேன். "சாயங்காலம் வரைக்கும் ஆகும்."

"ஆகட்டும்க்கா. என்ன அவசரம்?"

மார்ச் 25, புதன்

சார்ஜரை மறந்துவிட்டுப் போயிருக்கிறான். கூரியரில் அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்க்கா. அங்கயே இருக்கட்டும். வர்றப்போ வேணும்ல."