மூன்று பேருக்கு மட்டும் விடுமுறை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நமக்குள் முட்டிக்கொள்கிறது. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது பார்!

நல்ல செய்தி. நம் தெருக் கூட்டமைப்பின் ஒருங்கிணைப்பாளராக, அதைப் பற்றி இங்கே ஓர் அறக்கட்டளையிடம் ஆறு மாதமாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. சமையல்கார அண்ணனின் உணவகம், காது கேளாத பெண்களை வைத்து டீச்சர் நடத்தும் தையல்கூடம், சைக்கிள்காரரின் பட்டறை, உன் சலவைக்கூடம். யாரும் லாபத்துக்காக மட்டும் நடத்தவில்லை, ஒருவருக்கொருவர் வேலை கொடுத்துத்தான் நிற்கிறோம் என்றதும் அங்கிருக்கும் பெரியவருக்குப் பிடித்துப்போனது. நான்கையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர, மூடிக்கிடக்கும் பழைய ஆலைக் கட்டடத்தைத் தருவார்கள் போலிருக்கிறது. இருபத்திரண்டாம் தேதி நேரில் பார்க்க வருகிறார்கள். அன்று எனக்கு இங்கே வேறு கூட்டம், வர முடியாது.

ஒரே ஒரு விஷயம், கோபப்படாதே. சிறையிலிருந்து வந்த மூன்று பேர் உன்னிடம் இருக்கிறார்கள் இல்லையா, அவர்களுக்கு அன்று ஒரு நாள் மட்டும் விடுமுறை கொடுத்துவிடு. கட்டடம் கைக்கு வந்ததும் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

உன் தங்கை


மார்ச் 11

அன்புள்ள குட்டிக்கு,

முழங்கால் அப்படியே இருக்கிறது, நாக்கும்தான். அந்த மூன்று பேரை யாரும் வேலைக்குச் சேர்க்கவில்லை என்பதால்தானே சலவைக்கூடத்தையே தொடங்கினேன்? அவர்களை ஒளித்துவிட்டு வருகிறவர்களுக்கு எதைக் காட்டுவது, சோப்பு நுரையையா?

முடியாது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதற்குள் சமையல்கார அண்ணன் வந்துவிட்டார். "என் அடுப்படியில மழை ஒழுகுதும்மா. உன் பிடிவாதத்தால எல்லார் வயித்துலயும் அடிச்சிடாதே" என்றார். கூட வந்த டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

மெஷின் ரிப்பேர், அன்றைக்கு வர வேண்டாம் என்று மூவரிடமும் சொல்லிவிட்டேன். இஸ்திரி போடும் நம் 'மடிப்பு' மட்டும், "இஸ்திரிப் பெட்டி நல்லாத்தானேக்கா இருக்கு?" என்று கேட்டாள். அவளைப் போல் சட்டை மடிக்க ஆளில்லை, அந்தப் பெயரே அதனால்தான். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

உனக்காகத்தான் செய்தேன்.

அக்கா


மார்ச் 23

குட்டி,

உன் விருந்தாளிகள் மனம் குளிர்ந்து போனார்கள். நடந்ததை நீயும் தெரிந்துகொள்.

எல்லோரும் உணவகத்தில் நின்றிருந்தோம். மடிப்பு உள்ளே வந்தாள். கையில் நெஞ்சு வரைக்கும் உணவகத்து மேசை விரிப்புகள். மெஷின் ரிப்பேர் என்றேன் அல்லவா, விருந்தாளி வரும் நாளில் விரிப்பு கசங்கிக் கிடந்தால் நமக்குத்தானே அவமானம் என்று, வீட்டுக்குக் கொண்டுபோய் இஸ்திரி போட்டிருக்கிறாள்.

"இவங்க யாரு, உங்க ஆளா?" என்று பெரியவர் கேட்டார்.

"தெரியலைங்க. வழி கேட்டு வந்தவங்க போல" என்றார் சமையல்கார அண்ணன்.

அவள் என்னைப் பார்த்தாள். 'என் ஆள்' என்று இரண்டே சொல். வரவில்லை குட்டி. அவள் விரிப்புகளை மேசையில் வைத்து, ஓரத்தை நேராக்கி, "இடம் மாறி வந்துட்டேங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். "ஜெயில்லகூட என்னைத் தெரியாதுன்னு யாரும் சொன்னதில்லக்கா. நம்பர் சொல்லியாவது கூப்பிடுவாங்க" என்றாள்.

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கட்டடம் கிடைத்துவிட்டது! சமையல்கார அண்ணன் போனிலேயே அழுதுவிட்டார். நீயும் ஒரு வார்த்தை சந்தோஷமாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன்.

அந்த இஸ்திரி அம்மா வேலையை விட்டதை நினைத்தால் எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. கோபம் தணிந்தால் வருவார். இதோடு உறுப்பினர் படிவம் வைத்திருக்கிறேன். கட்டடத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் குற்ற வழக்கு எதுவும் இல்லை என்ற போலீஸ் சான்று வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. இரண்டு வருடத்துக்குத்தான். அதற்குப் பிறகு நான் பேசி மாற்றிவிடுவேன். நாலாவது பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. நீ இல்லாமல் எனக்கு ஏது கூட்டமைப்பு?

உன் தங்கை


ஏப்ரல் 17

கூட்டமைப்பின் ஒருங்கிணைப்பாளருக்கு,

படிவத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை.

போட மாட்டேன் என்று அவர்களிடம் சொன்னதும், உணவகத்தின் விரிப்புகள் நேற்றிலிருந்து வேறு சலவைக்குப் போகின்றன. தையல்கூடத்துத் துணியும் நின்றுவிட்டது. டீச்சர் எதிரே வந்தால் அடுத்த தெருவில் திரும்பிக்கொள்கிறாள். பாவம், அவளையும் குறை சொல்ல மாட்டேன். என்னிடம் இருந்த மற்ற இருவரில் ஒருத்தி விஷயம் கேள்விப்பட்டு நின்றுவிட்டாள். இன்னொருத்தியும் நானும்தான் ஒரு மெஷினை ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

உன் மேல் பழியைப் போட்டு நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. நீ கேட்டாய், நான் கொடுத்தேன். மூச்சுக்கு மூச்சு எல்லோரும் ஒன்று என்று பேசியவர்கள், முதல் காரியமாக யாரை வெளியே நிறுத்தலாம் என்றுதான் பார்த்தோம்.

மடிப்பு ஒரு வீட்டில் பாத்திரம் துலக்குகிறாளாம். முன்னே எங்கிருந்தாள் என்று அங்கே சொல்லவில்லையாம். உள்ளதைத் தலைநிமிர்ந்து சொல் என்று நான்கு வருடம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒரே காலையில் அதைக் கெடுத்தும் விட்டேன்.

இனி எனக்கு எழுதாதே. எழுதினால் பிரித்துப் படிப்பேன், அந்த அளவுக்கு உன்மேல் பாசம் இன்னும் இருக்கிறது. பதில் மட்டும் எதிர்பார்க்காதே.

சலவைக்கூடத்துக்காரி