ஒரே முகவரி, ஒரே வயது

மார்ச் 4

இன்றும் திரையில் நேர்கோடு. எந்த ஆஸ்பத்திரிக்கு யார் என்ன நோயோடு வந்தார்கள் என்பது தினமும் எங்கள் நோய்க் கண்காணிப்பு அறைக்கு வந்துவிடும். எண்ணிக்கை எகிறினால் சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால்தானே. பிரிவுத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயரே நேர்கோடு சார். கோடு கொஞ்சம் நெளிந்தால் போதும், மனிதர் முகம் சுளிப்பார்.

மார்ச் 6

தங்கை போன் செய்தாள். தையல் ஆலை விடுதியில் இருக்கிறாள். "பாதிப் பேருக்கு வயித்தால போகுதுக்கா. பாத்ரூம் வாசல்ல வரிசை." அவளுடைய அறைத்தோழி நேற்றே ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கி வந்தாளாம். இன்னும் பலர் போனார்களாம். என் திரையில் அந்த விடுதிக்கு ஒரே ஒரு ஆள். மற்றவர்கள் எங்கே?

மார்ச் 7

கண்டுபிடித்தேன். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அந்தரங்கம் காக்க எங்களுக்குப் பெயர் வராது. முகவரி, ஆணா பெண்ணா, நோய் வரும். வயதுகூட 'இருபதுகள்' என்று மொத்தமாகத்தான். எல்லாம் ஒத்துப்போனால், ஒரே ஆளை இருமுறை பதிந்துவிட்டார்கள் என்று கணினி அழித்துவிடும். விடுதியில் எல்லாருக்கும் ஒரே முகவரி. எல்லாரும் பெண்கள், இருபதுகள்.

சாரிடம் சொன்னேன். "அதெல்லாம் டூப்ளிகேட்மா."

"ஆளுங்க சார்."

"எழுதிக் குடுங்க, கூட்டத்துல பார்ப்போம்."

கூட்டம் இருபதாம் தேதி. அதுவரை நோய் காத்திருக்குமா?

மார்ச் 8

தங்கைக்கும் வந்துவிட்டது. ட்ரிப்ஸ் ஏறுகிறது. அவள் போன ஆஸ்பத்திரியையும் நேரத்தையும் வைத்து அவள் பதிவைத் தேடினேன். அழித்தவற்றில் கிடந்தது. என் கூடப்பிறந்தவள் — டூப்ளிகேட்.

யாரையும் கேட்கவில்லை. அழிக்கும் விதியை நிறுத்தினேன். கோடு செங்குத்தாக ஏறியது, விளக்கு எரிந்தது. சார் ஓடி வந்தார். "யாரைக் கேட்டுச் செஞ்சீங்கம்மா?" நான் குடிநீர்ப் பிரிவுக்குப் போன் போட்டேன். போனால் போகட்டும் இந்த வேலை.

மார்ச் 10

விடுதித் தண்ணீர்த் தொட்டியில் சாக்கடை கலந்திருக்கிறது. மூடிவிட்டார்கள். தங்கை எழுந்து உட்கார்ந்துவிட்டாள், நக்கலும் திரும்பிவிட்டது. "நான் ஒரிஜினலா டூப்ளிகேட்டானு உங்க ஆபீஸ்ல கேட்டுச் சொல்லுக்கா."

சிரித்தேன். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. அறைத்தோழி காலையில் இறந்துவிட்டாள். ஐந்தாம் தேதியே ஆஸ்பத்திரிக்குப் போனவள். பதிவு வந்திருக்கிறது. நாங்கள்தான் அழித்திருக்கிறோம். எனக்கு ஆத்திரம் அடங்கவே மாட்டேன் என்கிறது.

மார்ச் 20

கூட்டம். "நோயை முன்கூட்டியே கண்டறிந்தோம்" என்று சார் வாசித்தார். கைதட்டினார்கள். எனக்கு விளக்கம் கேட்டு மெமோ. விதியைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசலாமாம். அதுவரை? அழிக்கும் விதியைப் பழையபடி போட்டுவிட்டார்கள்.

மார்ச் 23

தங்கை விடுதிக்குத் திரும்பிவிட்டாள். அறைத்தோழி இல்லாத அந்த அறை வேண்டாம், வேறு அறை கேளேன் என்றேன்.

"எதுக்குக்கா? அந்தக் கட்டிலுக்கு ஆள் வந்தாச்சு. என் வயசுதான்."