மேல் வயலின் சாம்பல் மணல்

சோட்கோல்
6 ஏப்ரல் 2009

அன்புத் தம்பி டொக்சூவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குளிர் போனதும் வருகிறேன் என்றாய். குளிரும் போயிற்று, உன்னைத்தான் காணோம். கிம்ச்சி ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன். பெரிய ஜாடியில் இருப்பதை முதலில் சாப்பிடு.

துத்தநாகச் சுரங்கத்தைச் சுத்தம் செய்ய ஆட்கள் வந்திருக்கிறார்கள், மூடி முப்பத்தைந்து வருஷம் கழித்து! சுரங்க வாயைச் சிமெண்டால் அடைத்தாயிற்று. போன அறுவடை நெல்லை அரசாங்கமே எடுத்துப்போய் எரித்துவிட்டது. இப்போது வயல் வயலாகக் குழாய் இறக்கி மண்ணைச் சோதிக்கிறார்கள்.

சுரங்கத் தண்ணீர் கலக்கும் ஓடைக்கரை வயல்கள்தான் கெட்டிருக்கும் என்று நினைத்திருந்தோம். ஆனால் என் மேல் வயலில்தான் காட்மியம் எல்லாவற்றையும்விட அதிகமாம். சோற்றோடு உள்ளே போய் எலும்பை அரிக்கிற விஷமாம் அது. முழங்கை ஆழத்தில் சாம்பல் நிற மணல் வந்தது. சோரா என்கிற என்ஜினியர் பெண், "அம்மா, ஓடைத் தண்ணி இந்த மேட்டுக்கு ஏறவே ஏறாதே, இது எப்படி இங்க வந்துச்சு?" என்று கேட்கிறாள். நான் என்னத்தைக் கண்டேன்? பக்கத்து வயல் ஜொம்ரே சும்மா இருப்பாளா? "இவ தம்பி சுரங்கக் கம்பெனிச் சட்டை மாட்டிக்கிட்டுத் திரிஞ்சவருதானே, அவரைக் கேளுங்க!" என்றாள்.

உனக்கு ஏதாவது நினைவிருந்தால் எழுது.

உன் அக்கா
மால்சுன்

தேகு
28 ஏப்ரல் 2009

அன்புள்ள அக்காவுக்கு,

கிம்ச்சி வந்து சேர்ந்தது. வேலை அதிகம், அதனால்தான் தாமதம்.

பழைய கதையெல்லாம் எனக்கு எங்கே நினைவிருக்கிறது? சுரங்கத்தில் நான் வெறும் குமாஸ்தா. ஜொம்ரே அக்காவின் வாய்க்குப் பூட்டு ஏது? உங்கள் இடுப்பு வலியைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், சிறுநீரகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். மேல் வயலை மேலோட்டமாகச் சுரண்டினால் போதாது, ஓர் ஆள் ஆழத்துக்குத் தோண்டச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி
டொக்சூ

சோட்கோல்
4 மே 2009

டொக்சூ,

ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆன உனக்கு என்ன வேலை?

முழங்கை ஆழம் என்றுதான் நான் எழுதினேன். நீ ஓர் ஆள் ஆழம் என்கிறாய். சோரா நேற்றுத்தான் பெரிய இயந்திரம் வைத்து இறக்கிப் பார்த்தாள். ஓர் ஆள் ஆழம்தான்.

கடைசி வருஷத்தில் உன் அத்தான் இருமினாலே விலா எலும்பு முறியும். "மெதுவாப் புரட்டு மால்சுன், மெதுவா" என்பார். நீ அருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய்.

உனக்குத் தெரிந்ததை எழுது. உடம்பைப் பற்றி எழுதாதே.

அக்கா

தேகு
19 மே 2009

அக்கா,

உங்கள் கல்யாணத்தின்போது மேல் வயல் வெறும் சதுப்புப் பள்ளம். ஒரு பிடி நெல் விளையாது. அதே சமயம் சுரங்க ஆலைக்குப் பின்னால் கழிவுக் குட்டை நிரம்பி வழிந்தது. "எங்கயாவது பள்ளம் இருந்தா சொல்லுப்பா" என்றார் மேலாளர். நான்தான் அந்த இடத்தைக் காட்டினேன். லாரி லாரியாக அந்தக் கழிவு மணலைக் கொட்டி, மேலே செம்மண் பரப்பிக் கொடுத்தோம். உங்களுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னாலதான்டா எனக்கு வயலாச்சு" என்றார்.

ஏழு வருஷம் கழித்து, மணலைச் சோதித்த அறிக்கை என் மேஜைக்கு வந்தது. அதில் விஷம் இருப்பதைப் படித்தேன். "விஷயம் வெளியே போனா உன் வேலையும் போகும்" என்றார்கள் மேலதிகாரிகள். மேஜைக்குள் வைத்துப் பூட்டினேன். அப்போது அத்தான் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார், அக்கா. அன்றே சொல்லியிருக்கலாம். அவர் படுத்த பிறகு சொல்லத் துணிவில்லை.

எங்கெங்கே கொட்டினோம் என்று வரைபடம் போட்டு, கையெழுத்திட்டு சோராவுக்கு அனுப்பிவிட்டேன். அத்தானின் நினைவு நாளுக்கு வரட்டுமா?

டொக்சூ

சோட்கோல்
2 அக்டோபர் 2009

டொக்சூவுக்கு,

உன் வரைபடம் சரியாக இருந்ததாம். இன்னும் இரண்டு வீட்டு வயல்களிலும் மணலை அள்ளிவிட்டார்கள். ஜொம்ரேயின் வயலும் அவற்றில் ஒன்று. அவள் இப்போது என்னோடு பேசுவதில்லை. வேறு மலையிலிருந்து மண் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். அதில் இன்னும் புல்கூட முளைக்கவில்லை.

நினைவு நாளுக்கு வராதே. வந்தால் உன்னைத் திட்டுவேன் என்று நினைக்காதே. வாசலில் உன்னைப் பார்த்ததும், சாப்பிட்டாயா என்று கேட்டு உட்கார வைத்துச் சோறு போட்டுவிடுவேன். அவர் படத்துக்கு முன்னால் அதைச் செய்ய என்னால் முடியாது.

மால்சுன்