எடைக்கல் நின்ற இடம்

மச்சான்,

இன்று காலை மழை விட்டதும் நம் பிக்கல்பால் கோர்ட்டில் ஒட்டுப்பால் நாற்றம் அடித்தது. இந்த ஈப்போ தாமானில் ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, சுற்றிலும் வீடுகள்தான். எஸ்டேட் காலத்தில் ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகை இதே இடத்தில் இருந்ததாக நீ சொல்வாய். மூக்கைச் சுருக்கி, "தரை இன்னும் மறக்கலைலா" என்பாய்.

நான் யூடியூப் பார்த்தே பிக்கல்பால் கற்ற பைத்தியம். மட்டை பிடித்த மூன்றாவது வாரமே குழுவில் எல்லாருக்கும் மூன்று, மூன்றரை என்று ஆட்டத் தரம் போட ஆரம்பித்துவிட்டேன்! ஓங்கி அடித்தால் மூன்றரை, சிரித்துப் பேசினாலும் மூன்றரை. அதை நம்பிப் பெரிய ஆட்டக்காரர்களோடு இறங்கிய ஓர் அக்காவுக்குக் கண்ணோரம் பந்து பட்டது. அவர் திரும்ப வரவே இல்லை.

அன்றுதான் நீ குறுக்கே வந்தாய். செம்பனை எண்ணெய் ஆலைகளில் லாரி நிறுக்கும் தராசுகளைச் சரிபார்ப்பது உன் வேலை.

"ஆளுக்கு ஆள் கல்ல மாத்துனா தராசு என்னத்த சொல்லும்? எல்லாருக்கும் ஒரே கல்லு. நான் நிக்கிறேன்."

நின்றாய். ஒரே இடம், அதே இடது கை, விலாவோடு ஒட்டிய முழங்கை, ஒரே வேகத்தில் பத்துப் பந்து. வலையை ஒட்டிய ஏழடிப் பட்டைக்குள், அதாவது கிச்சனுக்குள், எதிராளி மெதுவாகத் திருப்பிப் போட வேண்டும். ஏழு விழுந்தால் மூன்றரை, குறைந்தால் மூன்று.

"நீயே நல்லா ஆட ஆரம்பிச்சிட்டா என்னடா பண்றது?" என்று கேட்டேன்.

"எடைக்கல்லு எடை கூடக்கூடாதுலா."

அதற்காகவே நீ முன்னேறாமல் இருந்தாய். நின்று நின்று பச்சைச் சாயம் தேய்ந்து, தரையில் உன் இரண்டு பாதமும் பதிந்துவிட்டன.

எனக்கு ஆறு விழுந்தது. தைப்பிங் போட்டியில் மூன்றரைப் பிரிவில் ஆட எனக்கு அவ்வளவு ஆசை!

"மச்சான், ஒன்னுதானே, போட்டு விடுலா."

"ஆறு ஆறுதான். மூஞ்சியத் தொங்கப் போடாத, வா, தே ஓ குடிக்கப் போலாம்."

நான் வரவில்லை. அந்த வாரமே ஆயர் தாவாரிலிருந்து திரும்பும்போது மழையில் உன் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. உன் காரியம் முடிந்ததும் தரப் பட்டியல் என் கைக்கு வந்தது. முதல் வேலையாக என் பெயருக்கு நேரே மூன்றரை என்று மாற்றி, தைப்பிங் போட்டிக்கும் பெயர் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை.

இன்று லகாட்டிலிருந்து புதிதாக ஒரு பெண் வந்தாள். தரம் பார்க்க உன் பாதத் தடத்தில் நின்றேன். பத்துப் பந்து போட்டேன். அவளுக்கு ஐந்து விழுந்தது.

"அண்ணே, நீங்க இடது கையா?"

"இல்லையே."

"அப்ப ஏன் பத்தும் இடது கைல போட்டீங்க?"

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். ஒவ்வொரு சோதனையையும் கம்பத்தில் போனைக் கட்டிப் பதிவு செய்கிறேன் அல்லவா, ஓட்டிப் பார்த்தேன். மட்டை என் இடது கையில். முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது. எனக்கு இடது கையால் பல்கூட விளக்க வராது, மச்சான். கை மாற்றியதும் நினைவில்லை. நாற்றம் இன்னும் கூடியது.

போனைத் திரும்பக் கட்டி, பதிவை ஓடவிட்டேன்.

"தங்கச்சி, நீ அந்தத் தடத்துல நில்லு. எனக்குப் பத்து போடு."

"ஐயோ, அஞ்சு எடுத்தவ உங்களுக்கு டெஸ்ட் வைக்கிறதா?" சிரித்துக்கொண்டே போய் நின்றாள். பிறகு சிரிக்கவில்லை.

பந்துகள் வந்தன. அதே வேகம், அதே உயரம். நான் பந்தை மட்டுமே பார்த்தேன். எந்தக் கையால் போடுகிறாள் என்று பார்க்கத் துணிவு வரவில்லை.

"ஆறுண்ணே. வேணும்னா ஏழுன்னு வச்சுக்குவோம்லா, யாருக்குத் தெரியப் போவுது?"

"ஆறு ஆறுதான்," என்றேன்.

அங்கேயே நின்று பட்டியலில் என் பெயருக்கு மூன்று என்று திருத்தினேன். தைப்பிங் மூன்றரைப் பிரிவிலிருந்தும் விலகிக்கொண்டேன்.

அந்த இரண்டாவது பதிவு போனில் இருக்கிறது. நான் திறக்கவில்லை, அழிக்கவும் இல்லை. போகிற இடத்துக்கெல்லாம் அது என் பையில் கூடவே வருகிறது, மச்சான்.