உன் படத்தை இடம் மாற்றினேன், அம்மா

என் அன்பு அம்மாவுக்கு,

நடந்ததை எதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். அப்பாவுக்கும் கால் வீங்கத் தொடங்கிவிட்டது. உனக்கு வீங்கிய அதே இடது கால்.

"என் ரத்தம் கெட்டுப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே சேலையால் காலை மூடிக்கொள்வாயே. பிரிக்பீல்ட்ஸ் பள்ளியில் இப்போது சுகாதாரப் பாடத்தில் அதைப் படித்தேன். இதயம் அனுப்பும் இரத்தத்திலிருந்து கொஞ்சம் நீர் நுண்ணிய குழாய்களின் வழியே கசிந்து சதைக்கு உணவு கொண்டுபோகிறது. பெரும்பங்கு அங்கேயே இரத்தத்துக்குத் திரும்பிவிடும். மிச்சத்தை நிணநீர்க் குழாய்கள் சேர்த்து, கழுத்தருகே இரத்தத்தில் கொண்டுபோய் விடுகின்றன. அவற்றுக்கென்று தனி இதயம் கிடையாது. நாம் நடப்பதும் மூச்சு விடுவதும்தான் அந்த நீரை மேலே தள்ள உதவுகின்றன. கொசுவால் வரும் புழு அந்த வழியைக் கெடுத்துவிட்டால் நீர் காலிலேயே தங்கிவிடும். கிள்ளானில் நாம் இருந்தபோது எத்தனை கொசு! உன் இரத்தம் கெட்டதில்லை அம்மா. இதை யாராவது உன்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?

படுக்கும்போது காலைத் தலையணைமேல் உயர்த்தி வைக்கும்படி ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் டிரசர் அப்பாவிடம் சொன்னார். அப்பா கேட்கவில்லை. நம் ஒற்றை அறையில் கிழக்கே சாமி படம், மேற்கே நீ போனபின் மாட்டிய உன் படம். வடக்கே தலைவைக்கக் கூடாது. தெற்கே வைத்தால் கால் கதவை இடிக்கிறது.

"உங்கம்மா முகத்துக்கு நேரா காலைத் தூக்கச் சொல்றியா?" என்றார்.

"வீங்கிட்டே போனா பட்டறைக்கு எப்படிப்பா போவீங்க?"

பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா சிரித்தார். "காலைத் தூக்கினா வீக்கம் தலைக்கு இறங்கிடும்டி. உங்கப்பாவுக்கு ஏற்கெனவே தலைக்கனம்."

"தலைக்குப் போகாதுக்கா. கழுத்துக்கிட்டயே ரத்தத்துல சேர்ந்துடும்."

இன்று மாலை உன் படத்தைக் கழற்றி அடுப்படியில் மாட்டினேன். சாமி படத்தைத் தொடத் துணிவில்லை. உன்னிடம்தான் உரிமை இருந்தது. அப்பா வெறும் சுவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு தாமே தலையணையை மடித்துக் காலை அதன்மேல் வைத்தார்.

"கனம் குறையுற மாதிரிதான் இருக்கு" என்றார்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பாயில் படுத்தால் உன் முகம் தெரியவில்லை. இத்தனை நாளும் உன்னைப் பார்த்துக்கொண்டேதான் தூங்கினேன். அப்பாவிடம் இதைச் சொல்லமாட்டேன். சொன்னால் காலை இறக்கிவிடுவார்.

வீக்கம் வடிந்தாலும் வடியாவிட்டாலும் படத்தை மறுபடி இங்கே மாட்டமாட்டேன் அம்மா. விடிந்ததும் அடுப்படிக்கு நானே உன்னைப் பார்க்க வருவேன்.

அப்பா விளக்கை அணைக்க எழப் பார்க்கிறார். "நீங்க படுங்கப்பா" என்று சொல்லிவிட்டேன். இதை முடித்ததும் நானே அணைத்துவிடுவேன்.

உன் ஒரே மகள்,
கமலம்