உன் அப்பா முகத்தோடு வந்த விளம்பரம்

அன்பு மகள் லூசெயானேவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் நம்மை இந்த வாரத்துக்கும் கொண்டுவந்து சேர்த்தார், அவருக்கு நன்றி. நீயும் பிள்ளைகளும் அந்த பிரிஸ்பேன் குளிரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். சாப்பிடுகிறேன், பாய் பின்னுகிறேன், கோயில் பாட்டுக்குழுவுக்குப் போகிறேன், எதிலும் உப்பும் இல்லை உறைப்பும் இல்லை. உன் அப்பா போய் இத்தனை நாளாகியும் இவள் அழவில்லையே என்று ஊர்ப் பெண்கள் பேசுகிறார்களாம், பேசட்டும். கறுப்பு உடுத்தி, நம் தீவு வழக்கப்படி துக்கத்துக்குப் பெரிய பாயை இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்கிறேன், அதற்குமேல் என்னிடம் ஒன்றுமில்லை. பழம் பறிக்க அங்கே வரும் தெவிதா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், போனில் சொல்ல வாய் வரவில்லை.

போனில் வந்த அந்தச் சர்க்கரை வியாதி மருந்து விளம்பரத்தைப் பற்றி, அதைக் காட்டுகிற கம்பெனிக்கு முன்பே புகார் கொடுத்தேன் அல்லவா, பார்த்தோம், அது தேங்காயெண்ணெய் சோப்பு விளம்பரம், தவறு ஏதுமில்லை என்று பதில் வந்தது. நீயும் அங்கே அழுத்திப் பார்த்துவிட்டு, சோப்புதாம்மா வருது என்றாய். எனக்குத்தான் மூளை பிசகிவிட்டதோ என்று பயந்தேன். பிறகு நீயே விசாரித்துச் சொன்னாய், விளம்பரத்தைச் சரிபார்க்கிறவர்களுக்கு ஒரு பக்கம், நம் தீவுக்காரர் போனுக்கு வேறு பக்கம் என்று காட்டி ஏமாற்றுகிறார்கள் என்று. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அந்த மருந்தை முதலில் வாங்கியது உன் அத்தை. அக்கா கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எந்தத் தம்பி நம் ஊரில் தலைநிமிர்ந்து நடப்பான்? உன் அப்பா அவள் எதிரில் குடித்தார், இல்லாதபோதும் குடித்தார், ஆஸ்பத்திரி மாத்திரையைத் தூக்கி ஜன்னல் மேல் வைத்தார். கால் புண்ணானது, காலை எடுத்தார்கள், அதோடும் நிற்கவில்லை. இதெல்லாம் உனக்குத் தெரியும், நான்தான் சொன்னதையே சொல்கிறேன்.

புதிதாக நடந்தது வேறு. போன வாரம் பாட்டுப் பயிற்சியில் பக்கத்தில் நிற்கும் சியுலா போனை நீட்டினாள், அதே மருந்து, வேறு பெயர், அதில் உன் அப்பா. நீ அனுப்பிய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு நம் ஈரப்பலா மரத்தடியில் நிற்கிறார், சர்க்கரை ஓடியே போய்விட்டது, மாத்திரையெல்லாம் விட்டுவிட்டேன் என்று சிரிக்கிறார். பேசி அனுப்பினால் ஒரு பாட்டில் இலவசம் என்று அவர்கள் கேட்டதால் அத்தை தன் போனில் வீடியோ எடுத்து அனுப்பியது அது. அன்றைக்கு நான் பக்கத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பேசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "போதுமாடி, இல்ல இன்னும் கொஞ்சம் அள்ளி விடவா?" என்று கேட்டார், நான் சிரித்த சத்தம்கூட அதில் விழுந்தது. விளம்பரத்தில் அந்தக் கடைசித் துண்டை வெட்டிவிட்டார்கள்.

உன் அத்தையும் அதைப் பார்த்துவிட்டாள். அவளுக்கும் சர்க்கரை, சாவுக்குப் பிறகு நர்ஸ் வந்து திட்டியதில் ஒழுங்காக மாத்திரை போட்டுக்கொண்டிருந்தவள், மறுபடி நிறுத்திவிட்டு மருந்துக்குச் சொல்லி அனுப்பினாள். "தம்பியே வந்து சொல்றான்டி, எனக்காகத்தான் சொல்றான்" என்றாள். சாவு வீட்டில் தலைமாட்டில் உட்கார்ந்த அக்கா அவள், நம் வழக்கத்தில் அவள் வைத்ததுதான் சட்டம், அவளிடம் நான் எதிர்த்துப் பேச முடியுமா? அவளும் காலை இழந்து கிடப்பாளே என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. உன்னைப் புகார் கொடுக்கச் சொல்லலாம் என்றால் அங்கே சோப்புதான் வரும், இங்கிருக்கும் போனில்தான் உன் அப்பா வருவார். அதனால் நானே உட்கார்ந்தேன். நீ சொல்லிக்கொடுத்தபடி விளம்பரத்தை ஒரு படம், அழுத்தினால் வரும் பக்கம் ஒரு படம், மேலே அதன் முகவரி தெரிகிற மாதிரி ஒரு படம், இது எங்கள் ஊர் போனில் மட்டும்தான் இப்படித் தெரியும், உங்களுக்குச் சோப்பு காட்டுவான் என்று ஒரு வரி. கடைசியில் இந்த விளம்பரத்தில் என்ன தவறு என்று போன் கேட்டது. உன் அப்பா பேசிக்கொண்டே இருந்தார், நான் பொய் என்பதை அழுத்தினேன்.

இந்த முறை எடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அத்தை நேராக நம் வீட்டுக்கு வந்தாள், போனை என் கையில் திணித்து, "தம்பி வரவே மாட்டேங்கிறான், என்னன்னு பாரு" என்றாள். வாங்கிப் பார்த்தேன். "போயிட்டாரு அண்ணி" என்றேன். அவள் பாயில் உட்கார்ந்தாள், தண்ணீர் கேட்டாள். தண்ணீரோடு உன் அப்பாவுடைய மாத்திரை ஒன்றையும் வைத்தேன், நர்ஸ் அவளுக்குக் கொடுத்ததும் அதேதான். எடுத்து விழுங்கினாள். இப்போது தினமும் வருகிறாள். மருந்துப் பெட்டி வந்து பிரிக்காமல் கிடக்கிறதாம். இன்னொரு பெயரில் அந்த விளம்பரக்காரன் திரும்ப வருவான், நானும் தினமும் போனைப் பார்க்கிறேன்.

நீயும் சர்க்கரை பார்த்துக்கொள், நம் குடும்பத்து உடம்பு அது. பிள்ளைகளை ஞாயிறு ஆராதனைக்குக் கூட்டிப் போ. நான் புகார் கொடுத்ததைப் பற்றி அத்தையிடம் வாயைத் திறக்காதே. உங்கள் வீட்டு வாசலைக் கர்த்தர் காக்கட்டும், உன் கை தொட்டது விளங்கட்டும். ஒன்றே ஒன்று மறக்காதே, கிறிஸ்துமஸுக்கு வரும்போது அத்தை போனில் அந்த முழு வீடியோ இருக்கும், நீ கேட்டால் தருவாள். முழுதும் எனக்கு வேண்டாம். போதுமாடி என்று கேட்கிறாரே, அந்தத் துண்டு மட்டும் வெட்டிக் கொடு.

உன் அம்மா,
இலைசானே